பிரிந்த பெற்றோர், ஒரு குழந்தை, இரண்டு வரிப் படிவங்கள்: அமெரிக்காவில் யார் காட்டுவது நல்லது?

ஜனவரி கடைசியில் டபிள்யூ-2 என்னும் ஆண்டுச் சம்பளச் சான்று கைக்கு வந்ததும், அமெரிக்காவில் பிரிந்து வாழும் தமிழ்த் தம்பதியரிடையே ஒரு கேள்வி எழுந்துவிடும்: பிள்ளையை இந்த வருஷம் யார் கிளெய்ம் செய்வது, அதாவது தன் வரிப் படிவத்தில் காட்டுவது? பெரும்பாலும் அதற்கான பதிலை நண்பர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார்கள். "யாருக்குச் சம்பளம் அதிகமோ அவர் காட்டட்டும், அப்போதுதான் வரி மிச்சம்" என்பது அந்தப் பதில். 2017 வரை அது சரியான ஆலோசனையாகத்தான் இருந்தது. அந்த ஆண்டில் குழந்தை ஒன்றுக்கு 4,050 டாலர் விலக்கு உண்டு. அது வருமானத்திலிருந்து கழிக்கப்பட்டதால், 28 சதவீத வரி அடுக்கில் இருந்தவருக்கு 1,134 டாலர் மிஞ்சியது, 15 சதவீதத்தில் இருந்தவருக்கோ 607 டாலர்தான் மிஞ்சியது. 2018 முதல் அந்த விலக்கு பூஜ்யமாக்கப்பட்டது. 2025 ஜூலையில் நிறைவேறிய வரிச் சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. இப்போது குழந்தையின் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழியும் தொகை. எந்த அடுக்கில் இருப்பவருக்கும் அதன் மதிப்பு ஒன்றுதான். சட்டம் மாறி எட்டு ஆண்டுகளாகியும் ஆலோசனை மட்டும் மாறவில்லை.

கீழே உள்ள தொகைகள் அனைத்தும் 2025 வரியாண்டுக்கு, அதாவது 2026 ஏப்ரல் 15-க்குள் தாக்கல் செய்யும் ரிட்டர்னுக்கு உரியவை. எழுதும் வசதிக்காகக் குழந்தை அதிக நாள் தாயுடன் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். தந்தையுடன் இருந்தாலும் சட்டம் அதேதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் இரவுகளின் எண்ணிக்கை. குழந்தைப் பராமரிப்புத் தொகையை யார் கட்டுகிறார், பள்ளிக் கட்டணத்தை யார் தருகிறார், தீர்ப்பில் யார் பெயர் முதலில் இருக்கிறது என்பதையெல்லாம் ஐஆர்எஸ் என்னும் அமெரிக்க வரித் துறை இந்த இடத்தில் பார்ப்பதில்லை. ஆண்டில் அதிக இரவுகள் குழந்தை யாருடன் தங்கியதோ அவரே காவல் பெற்றோர். மாதம் 1,800 டாலர் பராமரிப்புத் தொகை கட்டும் தந்தைக்கு இது அநியாயமாகப் படும். ஆனால் அந்தத் தொகை கொடுப்பவருக்குக் கழிவாகாது, வாங்குபவருக்கு வருமானமாகவும் ஆகாது. வரிக் கணக்கைப் பொறுத்தவரை அப்படி ஒரு பணம் கைமாறவே இல்லை.

இரண்டாவது, எந்தச் சலுகை கைமாறும், எது மாறாது என்பது. பெரும்பாலான சச்சரவுகள் இதில்தான் தொடங்குகின்றன. குழந்தையைக் காட்டும் உரிமையை ஒரே மூட்டையாக நினைத்துத்தான் பலர் பேரம் பேசுகிறார்கள். உண்மையில் அதில் ஒரு பகுதியை மட்டுமே எழுதிக்கொடுக்க முடியும்.

மூன்றாவது, இருவருடைய வரியையும் கூட்டிப் பார்த்தால் மொத்தம் குறைகிறதா என்பது. ஒருவர் இழக்கும் 2,200 டாலர் அப்படியே மற்றவருக்குப் போகிறதென்றால் அங்கே மிச்சம் எதுவும் இல்லை, பங்கீடு மட்டுமே உண்டு. நான்காவது, ஆவணமும் அமைதியும்: ஏற்பாட்டை நிரூபிக்க எவ்வளவு காகிதம் வேண்டும், ஆண்டுதோறும் ஒருவரையொருவர் எத்தனை முறை தொடர்புகொள்ள வேண்டும் என்பது. பேச்சுவார்த்தை முற்றாக நின்றுபோன இருவருக்கு மற்ற மூன்றையும்விட இந்த நான்காவதே கனமாகிவிடும்.

## இரவைக் கணக்கிடும் விதம்

இரண்டு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று குழந்தை மாறிமாறித் தங்கும் ஏற்பாட்டில் ஆண்டு முடிவில் கணக்கு 183-க்கு 182 என்று நிற்கும். அந்த ஓர் இரவின் மதிப்பு சில ஆயிரம் டாலர். பள்ளி நாட்காட்டியின் பிரதி ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, அம்மா வீட்டு இரவுகளுக்குப் பச்சை, அப்பா வீட்டு இரவுகளுக்கு ஊதா என்று குழந்தையையே வட்டம் போடவைக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தத் தாள் பின்னாளில் எந்த மென்பொருளையும்விட உதவியாக இருக்கும்.

குழந்தை தாயின் வீட்டில் உறங்கினால், தாய் அன்று அலுவலகப் பயணமாக வெளியூரில் இருந்தாலும், அது தாயின் இரவு. தந்தையோடு சுற்றுலா போய் விடுதியில் உறங்கினால் அது தந்தையின் இரவு. டிசம்பர் 31 இரவு அது தொடங்கிய ஆண்டைச் சேரும். கோடை விடுமுறையில் ஆறு வாரம் தமிழ்நாட்டில் தாத்தா பாட்டியுடன் குழந்தை மட்டும் இருந்தால், அந்த நாட்களில் அது வழக்கமாக யாரிடம் இருந்திருக்குமோ அவர் கணக்கில் அந்த இரவுகள் சேரும். அப்படிச் சொல்ல முடியாத இரவுகள் யார் கணக்கிலும் சேராது. ஊருக்கு அழைத்துச் சென்று உடன் தங்கியவர் தாய் என்றால் அவை அவருடைய இரவுகளே. மருத்துவமனை போன்ற இடங்களில் இரவுப் பணி செய்யும் பெற்றோருக்கு மட்டும் இரவுக்குப் பதில் பகலைக் கணக்கிடும் தனி விதி உண்டு. எல்லாம் எண்ணியும் சமமாக வந்தால், சரிப்படுத்திய மொத்த வருமானம் யாருக்கு அதிகமோ அவர் காவல் பெற்றோர் ஆகிறார்.

## முதல் தேர்வு: அதிக இரவுகள் உள்ளவரே காட்டுவது

எதையும் எழுதிக்கொடுக்காவிட்டால் சட்டம் தானாகவே தரும் நிலை இது. 17 வயது நிறையாத குழந்தைக்கு 2,200 டாலர் சைல்டு டாக்ஸ் கிரெடிட், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்னும் குடும்பத் தலைவர் நிலை, வருமானம் குறைவென்றால் ஏர்ன்ட் இன்கம் கிரெடிட், குழந்தை காப்பகச் செலவுக்கான கிரெடிட் எல்லாம் தாயிடமே இருக்கும். கையெழுத்து வேண்டாம், மறுதரப்பின் நல்லெண்ணமும் வேண்டாம்.

குடும்பத் தலைவர் நிலையின் மதிப்பைப் பலர் குறைத்தே எடைபோடுகிறார்கள். தனிநபருக்கான நிலையான கழிவு 15,750 டாலர். குடும்பத் தலைவருக்கு 23,625 டாலர். 10 சதவீத அடுக்கு தனிநபருக்கு 11,925 டாலரோடு முடியும். இவருக்கு 17,000 வரை நீளும். 60,000 டாலர் சம்பளம் வாங்கும் தாய் தனிநபராகத் தாக்கல் செய்தால் வரி ஏறக்குறைய 5,072 டாலர், குடும்பத் தலைவராகத் தாக்கல் செய்தால் 4,025 டாலர். கிரெடிட்டைத் தொடுவதற்கு முன்பே ஆயிரம் டாலருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது.

இதில் மறைந்திருக்கும் நிபந்தனை வீட்டுச் செலவு. வாடகை, வீட்டுக்கடன் வட்டி, சொத்து வரி, மின்சாரம், மளிகை ஆகியவற்றில் பாதிக்கு மேல் அவரே செலவிட்டிருக்க வேண்டும்; துணிமணி, படிப்பு, மருத்துவம் போன்றவை இந்தக் கணக்கில் வராது. பிரிந்த கையோடு அண்ணன் வீட்டுக்குப் போய்க் குழந்தையோடு ஓர் அறையில் தங்கும் தங்கை, அந்த வீட்டுச் செலவில் பாதியைக் கொடுப்பது அரிது. அவர் குழந்தையைக் காட்டலாம். ஆனால் குடும்பத் தலைவர் நிலையைக் கோர முடியாது. விவாகரத்து இன்னும் முடியவில்லை என்றால் அடிக்கு மேல் அடியாக, அவர் 'திருமணமானவர், தனித் தாக்கல்' என்ற நிலைக்குத் தள்ளப்படுவார். காப்பகச் செலவுக் கிரெடிட்டும் கல்விக் கிரெடிட்டும் அத்தோடு போய்விடும்.

இருவரின் வருமானமும் நடுத்தரமாக இருக்கும்போதும், பேச்சு நின்றுபோனபோதும் இந்தத் தேர்வை விட்டு நகரக் காரணமே இல்லை.

## இரண்டாவது தேர்வு: 8332 படிவத்தில் விட்டுக்கொடுப்பது

காவல் பெற்றோர் 8332 படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், மறுதரப்பு அதைத் தன் ரிட்டர்னோடு ஆண்டுதோறும் இணைத்துக் குழந்தையைக் காட்டலாம். இதற்கு இருவரும் விவாகரத்தோ சட்டப்படியான பிரிவோ பெற்றிருக்க வேண்டும், எழுத்து வடிவப் பிரிவு ஒப்பந்தம் இருக்க வேண்டும், அல்லது ஆண்டின் கடைசி ஆறு மாதங்கள் முழுக்கத் தனித்தனியே வாழ்ந்திருக்க வேண்டும். குழந்தையின் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். திருமணமே செய்யாத பெற்றோரும் பிரிந்து வாழ்ந்தால் இந்த விதிக்குள் வருவார்கள்.

படிவம் எதை நகர்த்தும், எதை நகர்த்தாது என்பதை ஒரே பார்வையில் வைத்துக்கொள்வது நல்லது.

| சலுகை | 8332 கொடுத்தால் யாருக்கு |
|---|---|
| சைல்டு டாக்ஸ் கிரெடிட், 2,200 டாலர் வரை | மறுதரப்புக்கு |
| 17 வயது நிறைந்தவர், சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் ஐடிஐஎன் என்னும் வரி எண் மட்டும் உள்ள குழந்தை ஆகியோருக்கான 500 டாலர் கிரெடிட் | மறுதரப்புக்கு |
| குழந்தையின் கல்லூரிப் படிப்புக்கான கிரெடிட் | மறுதரப்புக்கு |
| அரசுச் சந்தை மருத்துவக் காப்பீட்டு மானியத்தில் குடும்ப எண்ணிக்கை | மறுதரப்புக்கு |
| குடும்பத் தலைவர் நிலை | காவல் பெற்றோரிடமே |
| ஏர்ன்ட் இன்கம் கிரெடிட் | காவல் பெற்றோரிடமே |
| காப்பகச் செலவுக் கிரெடிட் | காவல் பெற்றோரிடமே |
| மருத்துவச் செலவுக் கழிவு | செலவழித்த ஒவ்வொருவருக்கும் அவரவர் செலவுக்கு |

இந்த அட்டவணையின் கீழ்ப்பாதியைப் படித்ததும் தந்தையர் பலர் முகம் சுளிப்பார்கள். காப்பகக் கட்டணம் முழுவதையும் தாமே கட்டி, படிவமும் கையில் வைத்திருக்கும் தந்தைக்குக் கூட அந்தக் கிரெடிட் கிடையாது. அலுவலகத்தில் காப்பகச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து வரியில்லாமல் ஒதுக்கும் எப்எஸ்ஏ கணக்கையும் அவர் இந்தக் குழந்தைக்காகப் பயன்படுத்த முடியாது. கட்டணத்தைத் தாயே நேராகக் கட்டி, அதற்கேற்பப் பராமரிப்புத் தொகையை இருவரும் பேசி மாற்றிக்கொள்வது இதற்கு ஒரு வழி.

இனி ஆதாயக் கணக்குக்கு வருவோம். தாயின் சம்பளம் 60,000, தந்தையின் சம்பளம் 1,30,000, ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று. தாய் காட்டினால் அவர் கட்டுவது 1,825 டாலர், தந்தை கட்டுவது 20,267. படிவம் கொடுத்தால் தாய் 4,025, தந்தை 18,067. இரண்டு விதத்திலும் கூட்டினால் 22,092 டாலர்தான். இத்தனை பேச்சுவார்த்தையும் பிணக்கும் நடந்த பிறகு மிச்சமானது ஒன்றுமில்லை. இங்கே படிவத்தில் கையெழுத்திடுவது வரித் திட்டமல்ல, தாயின் பையிலிருந்து தந்தையின் பைக்கு 2,200 டாலரை மாற்றும் பங்கீடு. அதை அப்படியே பெயர் சொல்லிப் பேசினால் பேச்சு எளிதாகும்.

மொத்தம் உண்மையிலேயே குறையும் சூழல்கள் வேறு.

தாயின் வருமானம் மிக அதிகமாக இருப்பது அவற்றில் ஒன்று. இணைந்து தாக்கல் செய்யாத எவருக்கும் 2,00,000 டாலரைத் தாண்டிய ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 50 டாலர் வீதம் கிரெடிட் தேயும். ஒரு குழந்தைக்கு அது 2,44,000 டாலரில் முற்றாகக் கரைந்துவிடும். மென்பொருள் துறையில் 2,50,000 டாலர் ஈட்டும் தாய்க்கு இந்தக் கிரெடிட் பூஜ்யம். 90,000 ஈட்டும் தந்தைக்கு முழு 2,200. இங்கே சம்பளம் குறைந்தவர் காட்டுவதே லாபம் என்பதைக் கவனிக்கவும். பழைய ஆலோசனை தலைகீழாகிறது. குடும்பத் தலைவர் நிலை அப்போதும் தாயிடமே இருப்பதால் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. பெரும் சம்பளக்காரர் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை.

தாயின் வருமானம் மிகக் குறைவாக இருப்பது மற்றொன்று. 24,000 டாலர் ஈட்டும் தாய்க்குக் கட்ட வேண்டிய வரியே 40 டாலருக்குள் முடிந்துவிடும். கிரெடிட்டில் ரொக்கமாகத் திரும்பக் கிடைக்கும் பகுதி 1,700 டாலருக்கு மேல் போகாது என்பதால் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 1,738. தந்தை காட்டினால் 2,200 முழுதும் கிடைக்கும். வித்தியாசம் 460 டாலர் அளவுதான். அதையும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இல்லாமல் தாய் கையெழுத்திட்டால், இருவரில் ஏழையானவர் 1,738 டாலரை இழந்து நிற்பார். அவருடைய ஏர்ன்ட் இன்கம் கிரெடிட், இந்த வருமானத்தில் 4,200 டாலருக்குச் சற்று மேல், படிவம் கொடுத்தாலும் அவரிடமே இருக்கும். கொடுத்தவுடன் அதுவும் போய்விடுமென்று பயந்து கோராமல் விட்டுவிடுகிறவர்களும் உண்டு, கோர வேண்டும்.

மூன்றாவது சூழல் நம்மவர்களுக்கு நெருக்கமானது. 2025 முதல், குழந்தைக்கு மட்டுமல்ல, சைல்டு டாக்ஸ் கிரெடிட்டைக் கோருபவருக்கும் வேலைக்குச் செல்லுபடியாகும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். எச்-4 என்னும் துணைவர் விசாவில் வேலை அனுமதியின்றி ஐடிஐஎன் மட்டும் வைத்திருக்கும் தாயிடம், அமெரிக்காவில் பிறந்த குழந்தை ஆண்டு முழுக்க இருந்தாலும், அவரால் இந்தக் கிரெடிட்டைக் கோர முடியாது. எச்-1பி வேலை விசாவில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு வேலை செய்யும் தந்தைக்கு அவர் படிவம் கொடுத்தால் மட்டுமே 2,200 டாலர் குடும்பத்துக்குள் வரும். குழந்தையும் ஊரில் பிறந்து ஐடிஐஎன் மட்டுமே வைத்திருந்தால், யார் காட்டினாலும் 500 டாலருக்கு மேல் இல்லை. அதற்காகச் சண்டையிடத் தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது காப்பீடு. அரசுச் சந்தையில் மானியத்தோடு காப்பீடு எடுத்திருக்கும் தாய் படிவத்தைக் கொடுத்தால், மானியக் கணக்கில் அவர் குடும்பத்தின் எண்ணிக்கை ஒன்று குறையும். முன்பே பெற்ற மானியத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட நேரலாம். அலுவலகக் காப்பீடு உள்ளவருக்கு இந்தக் கவலை இல்லை. அடுத்தது படிவத்தின் இரண்டாம் பகுதி. முதல் பகுதி நடப்பு ஆண்டை மட்டும் விட்டுக்கொடுப்பது. இரண்டாம் பகுதியில் வருங்கால ஆண்டுகளைக் குறிப்பிடலாம், "எல்லா வருங்கால ஆண்டுகளும்" என்றும் எழுதலாம். அந்தச் சில சொற்களை எழுதுமாறு வழக்கறிஞர் சொன்னாலும் இருமுறை யோசிக்க வேண்டும். திரும்பப் பெற மூன்றாம் பகுதி இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் 2026-இல் எழுதி மறுதரப்பிடம் சேர்ப்பித்தால் அது 2027 வரியாண்டிலிருந்துதான் செல்லும். இடைப்பட்ட ஆண்டு கைவிட்டுப் போனதுதான்.

பராமரிப்புத் தொகை பாக்கியில்லாமல் கட்டினால்தான் விட்டுக்கொடுப்பேன் என்று படிவத்தில் நிபந்தனை எழுதினால் ஐஆர்எஸ் ஏற்காது. நிபந்தனையைத் தீர்ப்பில் வைத்துக்கொண்டு, ஜனவரியில் பாக்கி இல்லை என்று பார்த்த பிறகு அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் முதல் பகுதியில் கையெழுத்திடுவதே நடைமுறையில் அதே பலனைத் தரும்.

கல்லூரிப் பிள்ளை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. குழந்தை மாநிலச் சட்டப்படி வயதுக்கு வந்ததும், அதாவது பெரும்பாலான மாநிலங்களில் 18 நிறைந்ததும், அது எந்தப் பெற்றோரின் காவலிலும் இல்லை என்றே கொள்ளப்படும். மே மாதத்தில் 18 நிறைந்தால் அந்த ஆண்டில் பாதிக்கு மேல் காவல் இல்லை. ஆகவே இந்தச் சிறப்பு விதி பொருந்தாது, கையில் இருக்கும் 8332 படிவம் உதவாது. அதன் பிறகு பிள்ளையின் வீடு எது என்ற பொது விதியே பொருந்தும், விடுதியில் தங்கும் காலம் தற்காலிகமாக வெளியே இருப்பதாகக் கருதப்படும். கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்சாவும் இதோடு குழப்பிக்கொள்ளப்படுகிறது: 2024-25 கல்வியாண்டு முதல், பிரிந்த பெற்றோரில் அதிகப் பொருளுதவி செய்தவரின் விவரமே அதில் கேட்கப்படும். வரியில் யார் காட்டினார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

## மூன்றாவது தேர்வு: ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு

ஒற்றைப்படை ஆண்டு தாய்க்கு, இரட்டைப்படை ஆண்டு தந்தைக்கு என்ற ஏற்பாடு தீர்ப்புகளில் அடிக்கடி வருவது. நியாயமாகத் தெரிவதால் இருவரும் ஒத்துக்கொள்வார்கள். இதுவும் உள்ளே 8332 படிவமே. தாய் இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மட்டும் அதைக் கொடுக்கிறார். ஆகவே மேலே சொன்ன எல்லாமே, தந்தையின் ஆண்டிலும் குடும்பத் தலைவர் நிலை தாயிடமே இருக்கும் என்பது உட்பட, இதற்கும் பொருந்தும்.

இதன் தனிச் செலவு இரண்டு. கிரெடிட் 16 வயது வரைதான். குழந்தை 17 நிறையும் ஆண்டில் அது 500 டாலராகச் சுருங்கும். இந்த ஆண்டு குழந்தைக்கு ஆறு வயது நிறைகிறதென்றால் இன்னும் பதினொரு ஆண்டுகள். இந்த ஆண்டு யாருடைய முறையோ அவருக்கு ஆறு, மற்றவருக்கு ஐந்து. ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே விரல் விட்டு எண்ணிப் பார்த்து, கடைசி ஆண்டைப் பாதியாகப் பிரித்துக்கொள்வது பற்றி ஒரு வரி சேர்க்கலாம். இன்னொன்று சம்பளப் பிடித்தம். அலுவலகத்தில் கொடுத்த டபிள்யூ-4 படிவத்தில் குழந்தைக்கான கிரெடிட்டை ஒருமுறை எழுதிவிட்டு மறந்தவர், தன் முறை அல்லாத ஆண்டை அடுத்து வரும் ஏப்ரலில் 2,200 டாலர் குறைவாகக் கட்டியிருப்பதைக் காண்பார். ஆண்டுதோறும் மாற்ற வேண்டும்.

வருமானம் ஏறத்தாழச் சமமாகவும், உறவு நாகரிகமாகவும் இருப்பவர்களுக்கு இது ஏற்றது. ஒருவரின் வருமானம் 2,44,000 டாலரைத் தாண்டியிருந்தால் அவர் முறை வரும் ஆண்டிலெல்லாம் கிரெடிட் வீணாகும். அப்போது முழுவதையும் மற்றவரிடம் விட்டு, பணத்தில் ஈடு செய்துகொள்வதே மேல்.

## நான்காவது தேர்வு: ஆளுக்கொரு குழந்தை

இரண்டு குழந்தைகள் இருந்தால் ஆளுக்கு ஒன்றாகக் காட்டலாம் என்பது எளிமையாகத் தோன்றும். ஆனால் இதில் இரண்டு வகை உண்டு, இரண்டும் ஒன்றல்ல. இரு குழந்தைகளும் அதிக இரவுகள் தாயிடம் தங்கி, ஒருவருக்கு மட்டும் அவர் படிவம் கொடுத்தால், தந்தைக்கு ஒரு 2,200 டாலர் கிடைக்கும், அவ்வளவே. அவர் தனிநபராகவே தாக்கல் செய்ய வேண்டும். வருமானம் குறைந்த தாய் என்றால், ஏர்ன்ட் இன்கம் கிரெடிட்டை இரண்டு குழந்தைகளுக்குமான அளவிலேயே, உச்சமாக 7,152 டாலர் வரை, கோரலாம்.

மாறாக, உண்மையிலேயே மூத்தவள் தாயிடம் 183 இரவு, இளையவன் தந்தையிடம் 183 இரவு தங்கினால், இருவருமே காவல் பெற்றோர் ஆகிறார்கள். விவாகரத்து முடிந்து, அவரவர் வீட்டுச் செலவையும் அவரவர் சுமந்தால், இருவருமே குடும்பத் தலைவர் நிலையில் தாக்கல் செய்யலாம். படிவமே தேவையில்லை. முன்பு பார்த்த 1,30,000 டாலர் தந்தைக்கு இந்த நிலையால் மட்டும் 3,600 டாலருக்கு மேல் குறையும். அந்தப் பணத்துக்காக நாட்காட்டியில் வண்ணத்தை மாற்றிப் போடக் கூடாது. குழந்தைகள் வழக்கமாகச் சேர்ந்தே இடம் மாறினால், ஒரு குழந்தை மட்டும் ஓர் இரவு கூடுதலாகத் தந்தையிடம் இருந்ததற்குக் காகிதம் காட்ட வேண்டி வரும்.

## ஐந்தாவது தேர்வு: விவாகரத்து முடியும்வரை இணைந்தே தாக்கல்

டிசம்பர் 31 அன்று தீர்ப்பு வந்திருக்காவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் திருமணமானவர்கள்தான். இங்கே ஜூலை முதல் தேதி முக்கியம். கணவர் ஜூன் மாதத்திலேயே வெளியேறி, ஆண்டின் கடைசி ஆறு மாதமும் திரும்ப வந்து தங்காதிருந்தால், வீட்டுச் செலவையும் குழந்தையையும் சுமக்கும் மனைவி மணமாகாதவராகக் கருதப்பட்டுக் குடும்பத் தலைவர் நிலையைப் பெறலாம். அவர் ஜூலை பத்தாம் தேதி பெட்டியைத் தூக்கியிருந்தால் அந்த ஆண்டுக்கு அது இல்லை.

முன்பு பார்த்த அதே 60,000, 1,30,000 சம்பளங்களை வைத்துக் கிரெடிட்டும் கழித்துப் பார்த்தால் மொத்த வரி இப்படி வரும்: மனைவி குடும்பத் தலைவராகவும் கணவர் தனித் தாக்கலிலும் இருந்தால் 22,092 டாலர், இணைந்து தாக்கல் செய்தால் 22,498, இருவரும் திருமணமானவர் தனித் தாக்கல் என்றால் ஏறக்குறைய 23,139. ஆகவே ஜூலைக்கு முன் பிரிந்தவர்களுக்கு இணைந்து தாக்கல் செய்வதில் ஆதாயம் இல்லை, 400 டாலர் அளவு கூடுதல் வரிதான். பின்னர் பிரிந்தவர்களுக்கு 640 டாலர் அளவு உண்டு. ஒருவருக்கு வருமானமே இல்லை என்றால் ஆதாயம் பல மடங்காகும், கிரெடிட் தேயத் தொடங்கும் வரம்பும் 4,00,000 டாலராக உயரும்.

அதற்கு எதிரான செலவு ஒன்றே, ஆனால் பெரியது. இணைந்த ரிட்டர்னில் கையெழுத்திட்ட இருவரும் முழு வரிக்கும் தனித்தனியே பொறுப்பு. கணவர் பங்குச் சந்தை வருமானத்தையோ ஊரில் உள்ள வங்கிக் கணக்கின் வட்டியையோ மறைத்திருந்தால், விவாகரத்துக்குப் பின்னும் ஐஆர்எஸ் மனைவியிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். தீர்ப்பில் "பழைய வரி அவர் பொறுப்பு" என்று எழுதியிருப்பது ஐஆர்எஸ்ஸைக் கட்டுப்படுத்தாது. 8857 படிவத்தில் நிவாரணம் கேட்கலாம், ஆனால் தனக்குத் தெரியாது என்று நிரூபிக்கும் சுமை மனைவியுடையது. மற்றவரின் கணக்குகள் முழுக்கத் தெரிந்திருந்தால் இணைந்து தாக்கல் செய்யலாம். தெரியாவிட்டால் 640 டாலருக்காகச் செய்யக் கூடாது என்பதே என் கருத்து.

## இருவரும் ஒரே குழந்தையைக் காட்டிவிட்டால்

முந்தியவருக்கே கிடைக்கும் என்று நம்பி ஜனவரி கடைசியிலேயே அவசரமாகத் தாக்கல் செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதாக மின்வழியில் அனுப்பப்படும் ரிட்டர்ன் நிராகரிக்கப்படுவது உண்மை. ஆனால் ஐஆர்எஸ் தரும் ஐபி பின் என்னும் ரகசிய அடையாள எண்ணைச் சேர்த்து அனுப்பினால் ஏற்கப்படும், காகிதத்திலும் அனுப்பலாம். சில மாதங்கள் கழித்து இருவருக்கும் சிபி87ஏ என்ற கடிதம் வரும்: தவறாகக் காட்டியவர் திருத்துங்கள் என்று. யாரும் திருத்தாவிட்டால் தணிக்கை. அப்போது கேட்கப்படுவது பள்ளிப் பதிவு, மருத்துவர் பதிவு, குழந்தையின் முகவரி உள்ள கடிதங்கள், அந்த நாட்காட்டி. விதிகளைப் பொறுப்பின்றியோ வேண்டுமென்றோ புறக்கணித்ததாக முடிவானால் கிரெடிட்டுகளுக்கு இரண்டு ஆண்டுத் தடை, மோசடி என்றால் பத்து ஆண்டு.

தீர்ப்பு தந்தைக்குத்தான் உரிமை என்று தெளிவாகச் சொல்லியும், தாய் கையெழுத்திட மறுத்தால் என்ன செய்வது என்பதே தந்தையர் கடைசியாகக் கேட்பது. 2008-க்குப் பிந்தைய தீர்ப்பின் பக்கங்களை 8332-க்குப் பதிலாக இணைக்க முடியாது. ஐஆர்எஸ் குடும்ப நீதிமன்றத்தின் உத்தரவை நிறைவேற்றித் தரும் இடமும் அல்ல. தந்தை ஏப்ரல் 15-க்குள் குழந்தையைக் காட்டாமலே தாக்கல் செய்துவிட்டு, தீர்ப்பை மீறியதற்காகக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே கையெழுத்துக் கிடைத்ததும், படிவத்தை இணைத்து 1040-எக்ஸ் என்னும் திருத்த ரிட்டர்னைப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தாய் அந்த ஆண்டு குழந்தையைக் காட்டியிருந்தால் அவரும் தன் ரிட்டர்னைத் திருத்த வேண்டும் என்பதையும் நீதிமன்ற உத்தரவிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.